மிகத் தாழ்ந்த புள்ளியில் ஒரு வால்வு

பெட்ரோல் எஞ்சின் பொருத்திய சிறு விமானங்களின் எரிபொருள் தொட்டியில், அடிப்பகுதியின் மிகத் தாழ்வான இடத்தில், விரல் நுனி அளவே உள்ள ஒரு வால்வு இருக்கும். வடிகால் வால்வு எனப்படும் இதன் வேலை, தொட்டியின் அடியில் சேரும் நீரையும் வண்டலையும் அன்றைய முதல் பறப்புக்கு முன்பும், எரிபொருள் நிரப்பிய ஒவ்வொரு முறையும் வெளியேற்றுவதாகும். விமானி ஒளிபுகும் கோப்பை ஒன்றின் நடுவிலுள்ள குச்சியால் வால்வை மேல்நோக்கி அழுத்துகிறார். சிறிதளவு எரிபொருள் கோப்பையில் இறங்குகிறது. கையை எடுத்ததும் வால்வு மூடிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடவும், திறக்காத நேரமெல்லாம் ஒரு சொட்டும் விடாமல் அடைத்து நிற்கவும் வேண்டிய இந்த உறுப்பு கசியத் தொடங்கினால், அதைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது கைத்திறன் அளவில் எளிய வேலைதான். ஆனால் அந்த வேலையின் ஒவ்வொரு படியும் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதை விளக்குவதற்கு நீர், பெட்ரோல், ரப்பர், அலுமினியம் ஆகிய நான்கின் இயல்புகளையும் அறிந்தாக வேண்டும்.

நீர் வரும் வழிகள்

சிறு விமானங்களில் பெரும்பாலும் பயன்படுவது 100 எல்.எல். எனப்படும் விமானப் பெட்ரோல். 100 என்பது எரிபொருளின் தரத்தையும், எல்.எல். என்பது ஈயம் குறைந்தது என்பதையும் குறிக்கும். பிற எரிபொருள்களிலிருந்து பிரித்தறிவதற்காக இதற்கு நீலச் சாயம் ஏற்றப்படுகிறது. இதன் ஒரு லிட்டர் ஏறத்தாழ 0.72 கிலோகிராம் எடையுள்ளது; நீரின் ஒரு லிட்டர் ஒரு கிலோகிராம். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதால், தொட்டிக்குள் எவ்வழியாக நீர் புகுந்தாலும் அது இறுதியில் அடியில்தான் போய்ச் சேரும்.

அவ்வாறு புகும் வழிகளுள் முதலாவது, தேய்ந்துபோன மூடியின் விளிம்பு வழியே இறங்கும் மழைநீர். இரண்டாவது, பாதி காலியான தொட்டியிலுள்ள ஈரக்காற்று இரவில் குளிரும்போது உட்சுவர்களில் படியும் நீர்த்துளிகள். மூன்றாவது, எரிபொருளிலேயே கரைந்திருக்கும் நீர். சூடான பெட்ரோல் சற்றே கூடுதலான நீரைக் கரைத்து வைத்திருக்கும் என்றும், அது குளிரும்போது அந்த நீர் நுண்துளிகளாகப் பிரிந்து இறங்கும் என்றும் அறிந்தால், நேற்று தெளிவாக இருந்த எரிபொருளின் அடியில் இன்று நீர் நிற்பது வியப்பாகத் தோன்றாது. இந்த நீர் குழாய் வழியே எஞ்சினை எட்டினால், எஞ்சின் தடுமாறும் அல்லது நின்றுவிடும். விமானம் தரையிலிருந்து எழும் வேளையில் இது நேர்வதே மிக ஆபத்தானது.

இதனால்தான் அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சிறு விமானத் தரவிதிகள், 2017இல் திருத்தி எழுதப்படும் வரை, தொட்டியின் அடியில் நீர் தேங்குவதற்கென ஒரு குழி இருக்க வேண்டும் என்றும், அதன் கொள்ளளவு தொட்டியின் கொள்ளளவில் 0.25 விழுக்காடு அல்லது ஒரு கேலனில் பதினாறில் ஒரு பங்கு, இவற்றுள் எது பெரிதோ அந்த அளவேனும் இருக்க வேண்டும் என்றும் எண்ணிக்கையிலேயே வரையறுத்தன. செஸ்னா 172எஸ் விமானத்தின் ஒரு பக்கத் தொட்டி ஏறத்தாழ 106 லிட்டர் கொள்ளும். அந்த அளவுள்ள தொட்டிக்கு இக்கணக்கு ஏறத்தாழ 265 மில்லிலிட்டர் குழியைத் தரும்.

குழி ஒன்று போதுமா என்பது தொட்டியின் வடிவத்தைப் பொறுத்தது. 1956இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172இன் தொடக்க கால வகைகளில் இறக்கைக்கு ஒரு வடிகால் வால்வே இருந்தது. சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த உற்பத்தி 1996இல் மீண்டும் தொடங்கியபோது வந்த 172ஆர் வகையிலும், அதைத் தொடர்ந்த 172எஸ் வகையிலும், இறக்கைக்கு ஐந்தும் உடலின் அடியில் மூன்றுமாக மொத்தம் 13 வடிகால்கள் உள்ளன. இறக்கையின் கட்டமைப்பையே தொட்டியாகப் பயன்படுத்தும்போது, உள்ளே குறுக்கே செல்லும் சட்டங்கள் ஒவ்வொன்றும் சிறு தடுப்பணையாகி நீரை மறிக்கக்கூடும் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ரப்பர் பையைத் தொட்டியாகக் கொண்ட விமானங்களில் பையின் அடியில் விழும் மடிப்புகள் இதே வேலையைச் செய்கின்றன. அம்மடிப்புகளைச் சோதிக்குமாறு 1984இல் செஸ்னா விமானங்கள் பலவற்றுக்கு அமெரிக்காவில் கட்டாய ஆணை பிறப்பிக்கப்பட்டது. நீர் வால்வை வந்தடையாவிட்டால் வால்வு எவ்வளவு சிறந்ததாயினும் பயனில்லை.

வால்வின் உள்ளமைப்பு

வடிகால் வால்வு மூன்று பகுதிகளால் ஆனது: தொட்டியின் அடியில் மரை வெட்டிய அலுமினியக் கட்டையில் திருகப்படும் உடல், அதனுள் மேலும் கீழும் நகரும் தண்டு, தண்டைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் சுருள்வில். தண்டின் தலைப்பகுதியில் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அது உடலின் விளிம்பில் அழுந்தி உட்காரும்போது வழி அடைபடுகிறது. தண்டு மேல்நோக்கித்தான் திறக்கும் என்பதால், தொட்டியிலுள்ள எரிபொருளின் எடையும் அதை மூடும் திசையிலேயே அழுத்துகிறது.

ஆயினும் அந்த எடை தரும் உதவி மிகச் சிறிது. தொட்டியில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு எரிபொருள் இருந்தால், அடியில் அதன் அழுத்தம் சுமார் 1,400 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் எழுபதில் ஒரு பங்கு. வளையம் அடைக்கும் வட்டத்தின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்று கொண்டால், தண்டை மூடும் விசை 7 கிராம் எடைக்குச் சமமாகவே இருக்கும். அமெரிக்காவில் குடியேறிய டேனிஷ் பொறியாளர் நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937இல் விண்ணப்பித்து 1939இல் காப்புரிமை பெற்ற ரப்பர் வளைய அடைப்பு, உயர் அழுத்தத் திரவ எந்திரங்களில் சிறப்பாகச் செயல்படுவதற்கு ஒரு காரணம் உண்டு: அங்கே திரவத்தின் அழுத்தமே வளையத்தைத் தள்ளி இடைவெளியை இறுக அடைக்கச் செய்கிறது, அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகுகிறது. விமானத்தின் வடிகால் வால்வுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சுருள்வில்லின் இழுப்பும் ரப்பரின் மீள்தன்மையும் மட்டுமே அதன் காவல். இரண்டில் ஒன்று சற்றுத் தளர்ந்தாலும் கசிவு தொடங்கிவிடும்.

தளர்வதற்கான காரணங்கள் பல. வளையத்துக்கும் விளிம்புக்கும் இடையே மணல் துகள் ஒன்றோ, தொட்டியின் உட்புறத்திலிருந்து உரிந்த பூச்சுத் துணுக்கு ஒன்றோ சிக்கினால், அதன் இரு பக்கங்களிலும் ரப்பர் படியாத சிறு வழி உண்டாகும். ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் அழுந்திக் கிடக்கும் ரப்பர், விடுவித்தாலும் பழைய உருண்ட வடிவத்துக்குத் திரும்பாமல் தட்டையாகவே நின்றுவிடும். நைட்ரைல் எனப்படும் செயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறும்போது சற்று வீங்கும், ஆனால் அதனை மென்மையாக வைத்திருக்கும் சேர்பொருள்களில் ஒரு பகுதியைப் பெட்ரோல் கரைத்தெடுத்துவிடும். பின்னர் தொட்டி நெடுநாள் காலியாகக் கிடந்து வளையம் உலர்ந்தால், அது முன்பிருந்ததைவிடச் சுருங்கி விறைப்பாகிறது. மாதக்கணக்கில் நிறுத்தப்பட்ட விமானத்தில் எரிபொருள் நிரப்பியதும் வால்வு சொட்டுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கடுங்குளிரிலும் நெகிழ்வு குன்றாத புளூரோசிலிக்கோன் வளையங்கள் சில வால்வுகளில் இடப்படுவதுண்டு.

இவற்றோடு அரிப்பும் சேர்கிறது. தொட்டியில் புகுந்த நீரும் அழுக்கும் முதலில் வந்து நிற்பது வால்வின் தலைமேல்தான். நீரை வெளியேற்றும் பொருட்டு மிகத் தாழ்ந்த புள்ளியில் வைக்கப்பட்ட உறுப்பு, அந்த இடத்தின் காரணமாகவே நீரில் நின்று அரிக்கப்படுகிறது. வண்டலைக் கழிக்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வண்டல் அதன் வளையத்தைக் கடந்தே செல்கிறது. ஆகவே கசிவு என்பது வடிவமைப்பின் பிழை என்பதைவிட, வால்வு தன் வேலையைச் செய்ததன் விளைவு என்பதே பொருந்தும்.

கசிவை அளத்தல்

நீரைப் பிடித்து நிறுத்தும் அடைப்பு பெட்ரோலைப் பிடித்து நிறுத்தும் என்பதற்கு உறுதியில்லை. பெட்ரோலின் பாகுத்தன்மை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, நீருடையதைவிடக் குறைவு. அதன் பரப்பு இழுவிசை, அதாவது மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள முயலும் விசை, நீருடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகையால் அது மிக நுண்ணிய இடைவெளியிலும் எளிதில் படர்ந்து வெளிவரும். அதன் சொட்டும் சிறியது. நீர்ச்சொட்டு 0.05 மில்லிலிட்டர் என்றால் பெட்ரோல் சொட்டு 0.02 மில்லிலிட்டரை ஒட்டியிருக்கும். விநாடிக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில் ஒரு நாளில் வீணாவது சுமார் 1.7 லிட்டர். இந்த இழப்பால் தொட்டி காலியாகிவிடாது. ஆனால் விமானக்கூடத்தின் தரையில் ஆவி தேங்குவதற்கு அது தாராளமாகப் போதும்.

அமெரிக்க விமானப் பராமரிப்புக் கையேடுகள் கசிவை அது 30 நிமிடத்தில் நனைக்கும் பரப்பைக் கொண்டு வகைப்படுத்துகின்றன. துடைத்து உலர்த்திய இடத்தில் அரை மணி நேரத்துக்குப் பின் ஈரப்பகுதியின் விட்டம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அது கறை. 4 சென்டிமீட்டர் வரை ஊறல். 10 சென்டிமீட்டர் வரை மிகை ஊறல். அதற்கும் மேல் வழிந்தோ சொட்டியோ இறங்கினால் ஓடும் கசிவு. கறை என்ற பெயருக்கு நேரடியான பொருளும் உண்டு: பெட்ரோல் ஆவியாகிப் போனபின் நீலச் சாயம் மட்டும் உலோகத்தில் தங்கிவிடும். ஆனால் நீலத் தடம் முடியும் இடத்தையே கசியும் இடமாகக் கொள்வது தவறாகக்கூடும், ஏனெனில் இறக்கையின் வேறொரு மூலையிலுள்ள தையலிலிருந்து கசியும் எரிபொருளும் தகட்டின் அடியே ஊர்ந்து வந்து, தாழ்வான இடமாகிய வால்வின் விளிம்பிலிருந்தே சொட்டும். எனவே சுற்றுப்புறம் முழுவதையும் துடைத்து, ஈரம் முதலில் எங்கே தோன்றுகிறது என்று பார்ப்பதே மெக்கானிக்கின் முதல் வேலை. வால்வின் நடுத்துளையில் ஈரம் தோன்றினால் குற்றம் வளையத்தில். வால்வின் உடலுக்கும் கட்டைக்கும் இடையே தோன்றினால் குற்றம் மரையில். முதல் வகையாயின், வால்வைச் சில முறை முழுவதும் திறந்து வேகமாக ஓடவிட்டால், சிக்கிய துகள் அடித்துச் செல்லப்பட்டுக் கசிவு நின்றுவிடவும் கூடும். நிற்காவிட்டால் மாற்றுவதே வழி.

தொட்டியைக் காலி செய்யாமல் மாற்றலாமா

நிறைந்த தொட்டியிலேயே பழைய வால்வைக் கழற்றி, துளையை விரலால் பொத்தி, உடனே புதியதைத் திருகிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் எழுவதுண்டு. 20 சென்டிமீட்டர் உயர எரிபொருளின் கீழ் 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை திறந்தால், விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 4 முதல் 5 லிட்டர் வரை கொட்டும். அது கையிலும் முழங்கையிலும் வழியும், லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் அனுமதிக்கப்பட்ட இந்த எரிபொருளில் ஈயம் தோல் வழியே உடலில் ஊடுருவக்கூடிய சேர்ம வடிவில் இருக்கிறது.

தொட்டியின் மூடியையும் காற்றுக்குழாயையும் அடைத்துவிட்டால், உறிஞ்சுகுழலின் மேல் முனையை விரலால் மூடும்போது நீர் உள்ளேயே நிற்பதுபோல எரிபொருளும் நிற்குமே என்பது இரண்டாவது எண்ணம். வெளிக்காற்றின் அழுத்தம் எரிபொருளைத் தாங்கப் போதுமானது என்பது உண்மை. ஆனால் துளையின் வாயில் கனமான திரவம் மேலேயும் இலேசான காற்று கீழேயும் இருப்பதால், அந்தப் பரப்பில் தோன்றும் சிறு மேடுபள்ளமும் வளர முனைகிறது. பள்ளத்தின் வழியே காற்றுக்குமிழ் மேலேற, மேட்டின் வழியே திரவம் கீழிறங்கும். இதைத் தடுப்பது பரப்பு இழுவிசை ஒன்றே. துளை சிறியதாயிருந்தால் மட்டுமே அது வெல்லும். வட்டமான துளையில் இந்த எல்லை நீருக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர், பெட்ரோலுக்கு 6.5 மில்லிமீட்டரை ஒட்டியது. வால்வைக் கழற்றிய துளை இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் இருப்பதால், நீரில் பலிக்கக்கூடிய உபாயம் பெட்ரோலில் பலிப்பதில்லை. எரிபொருள் குமிழிட்டுக் குமிழிட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். பம்பு வைத்து உள்ளே வெற்றிடம் உண்டாக்கினால் மெல்லிய தகட்டுத் தொட்டி நசுங்கலாம், ரப்பர் பை அதன் பிடிகளிலிருந்து பெயர்ந்துவிடலாம். காற்றுக்குழாயில் ஒட்டிய நாடாவை அகற்ற மறந்துவிட்டால், அடுத்த பறப்பில் எரிபொருள் வெளியேற வழியின்றி எஞ்சினே பட்டினி கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எரிபொருள் கொட்டும் துளையின் மரையை எவராலும் பார்த்துச் சோதிக்க முடியாது. ஆகவே தொட்டியைக் காலி செய்வதே முறை.

நெருப்பை விலக்குதல்

விமானப் பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியசுக்கும் கீழேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். அந்த ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானதாகையால் தரையோடு படர்ந்து பள்ளங்களில் தேங்கும். காற்றில் அதன் பங்கு சுமார் 1 முதல் 8 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது, மில்லிஜூலில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலுள்ள பொறியே அதைப் பற்றவைக்கப் போதுமானது. வறண்ட நாளில் நைலான் உடையோடு நடந்த ஒருவரின் உடலில் 10,000 வோல்ட் நிலைமின்சாரம் சேர்ந்திருந்தால், அதன் ஆற்றல் அதைப்போல் முப்பது மடங்குக்கும் அதிகமாக இருக்கும்.

இந்த எண்களிலிருந்தே நடைமுறைகள் பிறக்கின்றன. வேலை திறந்த வெளியில் அல்லது நல்ல காற்றோட்டத்தில் நடக்க வேண்டும். விமானத்தின் பாட்டரி இணைப்பு முன்கூட்டியே விலக்கப்பட வேண்டும். எரிபொருளை ஏந்தும் கலன் உலோகத்தால் ஆனதாக இருந்து, கம்பி ஒன்றால் விமானத்தோடு இணைக்கப்பட வேண்டும். இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் அவற்றிடையே பொறி தாவாது. பிளாஸ்டிக் வாளியில் சேரும் மின்னூட்டத்தைக் கம்பியால் அகற்ற முடியாது என்பதால் அது விலக்கப்படுகிறது. கையுறையும் தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வழக்கம்.

மரையும் இறுக்கமும்

பழைய வால்வைக் கழற்றியதும் சோதிக்க வேண்டியது தொட்டியிலுள்ள மரைத்துளை. பழைய பசையின் எச்சங்கள் உள்ளே விழாமல் நீக்கப்பட வேண்டும். விரிசலோ மழுங்கிய மரையோ இருந்தால் புதிய வால்வும் கசியும். அடுத்து, புதிய வால்வு அந்த விமான வகைக்கு ஒப்புதல் பெற்றதா என்று பார்க்கப்படுகிறது. தோற்றத்தில் ஒன்றுபோலவே உள்ள வால்வுகள் மரையின் வகையிலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்திலும், அழுத்தித் திருப்பினால் திறந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும் அமைப்பு உண்டா இல்லையா என்பதிலும் வேறுபடும். தற்செயலாகத் திறந்தபடி பூட்டிக்கொள்ளும் வால்வு கசியும் வால்வைவிட மோசமானது.

மரை இருவகை. நேர்மரையுள்ள வால்வில் உடலின் தோளுக்கடியில் தனி ரப்பர் வளையம் இருந்து அடைக்கும். மரை பிடித்துவைப்பதற்கு மட்டுமே. கூம்புமரையுள்ள வால்வில் மரையே அடைப்பாகவும் செயல்பட வேண்டும். பைப்பர் முதலிய பல விமானங்களில் காணப்படும் எட்டில் ஒரு அங்குல அமெரிக்கத் தரக் குழாய்மரையில் அங்குலத்துக்கு 27 புரிகள். நீளம் 16 பங்கு கூடும்போது விட்டம் ஒரு பங்கு கூடும். ஆகவே ஒரு முழுச் சுற்றில் வால்வு 0.94 மில்லிமீட்டர் உள்ளே செல்கையில், துளைக்குள் திணிக்கப்படும் விட்டம் சுமார் 0.06 மில்லிமீட்டர் பெருக்கிறது. இது ஆப்பு அறைவதற்கு ஒப்பானது; கைக்கு இலேசாகத் தோன்றும் இன்னும் அரைச் சுற்று, அலுமினியக் கட்டையை வெளிப்புறமாகப் பிளக்கும் விசையாக மாறக்கூடும். அதனால்தான் தயாரிப்பாளர் குறித்த முறுக்குவிசையை மீறுவதில்லை. மிகுதியாக இறுக்கிவிட்டுப் பின்னோக்கித் தளர்த்துவதும் கூடாது, ஏனெனில் அப்போது அடைப்பு விட்டுப்போகும்.

எவ்வளவு இறுக்கினாலும் புரிகளின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே திருகுசுருளாக ஒரு நுண்ணிய வழி எஞ்சும். அதை நிரப்பவே பெட்ரோலில் கரையாத பசை, தொட்டிக்குள் போகும் முதல் இரண்டு புரிகளைத் தவிர்த்து மெல்லிதாகத் தடவப்படுகிறது. வீட்டுக் குழாய் வேலையில் சுற்றும் டெஃப்ளான் நாடா இங்கே விலக்கப்படுகிறது. திருகும்போது கிழியும் அதன் இழைகள் எரிபொருளோடு பயணித்து வடிகட்டியையோ கார்புரேட்டரின் நுண்துளையையோ அடைத்துவிடலாம்.

சோதனையும் பதிவும்

புதிய வால்வு பொருத்தப்பட்டபின் தொட்டி ஒரேயடியாக நிரப்பப்படுவதில்லை. முதலில் சில லிட்டர் ஊற்றி, வால்வைப் பலமுறை திறந்து மூடி, வேலையின்போது உதிர்ந்த துகள்கள் கழுவப்படுகின்றன. பின்னர் தொட்டியை நிரப்பி, துடைத்து, அரை மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். கசிவை வகைப்படுத்திய அதே அளவுகோல் இப்போது கசிவின்மையை உறுதிசெய்கிறது. தொட்டி காலியாக இருக்கும் அரிய வேளையில், எரிபொருள் அளவுகாட்டி சுழியைக் காட்டுகிறதா என்றும் கவனமுள்ள மெக்கானிக் பார்த்துவிடுவார். அமெரிக்க விதிகளின்படி வேலையின் விவரம், முடித்த தேதி, ஒப்புதல் தருபவரின் கையொப்பம், அவருடைய உரிமத்தின் எண்ணும் வகையும் விமானத்தின் பதிவேட்டில் எழுதப்பட்ட பின்னரே விமானம் பறப்புக்குத் திரும்புகிறது.

இத்தனை வேலையையும் தவிர்க்க விரும்பும் உரிமையாளர் தேர்ந்தெடுக்கக்கூடிய மிகத் தவறான வழி, திறந்தால் சொட்டும் என்று அஞ்சி வால்வைத் திறக்காமலேயே விட்டுவிடுவதாகும். சொட்டும் வால்வு நீலக் கறையாகவும் நாற்றமாகவும் தன் குறையைத் தானே வெளிப்படுத்துகிறது. திறக்கப்படாத வால்வின் மேல் தேங்கும் நீர் எந்த அடையாளமும் காட்டுவதில்லை. கோப்பையில் இறங்கும் மாதிரி முழுவதும் நீராகவே இருந்தால், பிரிக்கும் கோடு எதுவும் தெரியாததால், அதுவும் தெளிந்த எரிபொருளாகவே கண்ணை ஏமாற்றும்; நீல நிறம் இல்லாததைக் கவனித்தால் மட்டுமே பிடிபடும். எனவே வால்வு மாற்றும் வேலையின் நோக்கம் ஒழுகலை நிறுத்துவதோடு முடிவதில்லை. அடுத்த நாள் காலையிலும், அதற்கடுத்த நாளிலும், விமானி தயக்கமின்றி அழுத்தித் திறக்கக்கூடிய வால்வை அவர் கையில் திருப்பித் தருவதே அதன் முழுப் பயன்.